தாம்பாளத்தில் வைத்த போன்

என் புருஷன் சபை தெரிந்து அடங்குகிற போன் ஒன்றைச் செய்யக் கிளம்பியது என் அம்மா செத்த அன்றைக்கு. இரண்டாயிரத்து நாலு, மாசி மாதம். அம்மா கெங்கம்மாளை வாசலில் கிடத்தியிருந்தார்கள். வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பதால் வாய்க்கரிசி போட முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் குனிந்து கையை நீட்டுகிறேன், பக்கத்தில் நின்ற ஜெயக்குமாரின் சட்டைப் பையிலிருந்து ஒரு குத்துப்பாட்டு கிளம்பியது. பதறிப்போய் எடுத்தார். போன் கை நழுவிக் கீழே விழுந்து, பாடைக்கு அடியில் போய், அங்கேயும் நிறுத்தாமல் பாடியது. மனிதர் முட்டி போட்டு உள்ளே கையை விட்டுத் துழாவினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யார் என்று இன்று வரைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது தெருவறிந்த விஷயம். கருமாதி முடிகிற வரைக்கும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோற்றைப் போடுவேன், திரும்பிக்கொள்வேன். பதினேழாம் நாள் அவரே வந்து என் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுதுதான் பரிமளா. இல்லைன்னு சொல்லல. ஆனா அந்தப் போனுக்குத் தான் எங்க கீறோம்னே தெரியல பாரு. சாவு வீடா, கல்யாண வீடா, அதுக்கு ஒரு எழவும் தெரியாது. அத செஞ்சவன் யோசிக்கல. நான் யோசிக்கப் போறேன்" என்றார்.

அந்தப் பேச்சில் நான் விழுந்துவிட்டேன். தப்பு செய்துவிட்டு மன்னிப்புக் கேட்கிற ஆண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தப்பு இனி எவனுக்கும் நடக்கக்கூடாது என்று உட்கார்ந்து யோசிக்கிறவரை அப்போதுதான் பார்த்தேன். நமக்கு வாய்த்த மனுஷன் நல்ல மனுஷன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயக்குமாருக்குச் சொந்த ஊர் கலசப்பாக்கம். டிப்ளமா படித்தவர், ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தார். தறி என்றால் என்னவென்றே தெரியாத குடும்பம். எங்கள் அப்பா அருணகிரி அதற்கு நேர் எதிர். எட்டு வயதில் தறியில் உட்கார்ந்தவர், எங்கள் தெரு நெசவாளர் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாகத் தலைவர். எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பா, ஒன்றில் நான். நான் குடியிருந்தது மூன்று வீடு தள்ளி என்றாலும் பகலெல்லாம் அப்பா வீட்டில்தான். நாள் முழுக்கத் தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எங்கள் ஜனத்துக்குத் தொண்டை அப்படியே நின்றுவிட்டது. "உங்க தெருவுல ரகசியம் பேசினா பஸ் ஸ்டாண்டுல பதில் சொல்லுவாங்க" என்று ஜெயக்குமார் கேலி செய்வார். நாங்களும் சிரிப்போம்.

போன் வேலை ஏழெட்டு மாதம் நடந்தது. சத்தமில்லாமல் வைத்துக்கொள்கிற வசதி எல்லாப் போனிலும்தான் இருக்கிறது, அதில் என்ன புதுசு என்று கேட்டேன்.

"அதுல கூப்பிடறவனுக்கு ஒண்ணும் தெரியறதில்ல. இவன் எடுக்கலையேன்னு திரும்பத் திரும்ப அடிப்பான். ரெண்டு பக்கமும் மரியாதை இருக்கணும். இங்க இருக்கறவங்களுக்கும் தொல்லை ஆவக்கூடாது, அங்க கூப்பிடறவனுக்கும் மனசு நோவக்கூடாது" என்றார்.

அவர் கண்டுபிடித்தது இதுதான். போனைப் பிரித்து உள்ளே நகத்தளவு பலகை ஒன்றைப் பற்ற வைப்பார். பக்கவாட்டில் சின்ன ஸ்விட்ச். நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போனால் அதைத் தள்ளிவிட வேண்டும். அப்புறம் யார் கூப்பிட்டாலும் போன் அடிக்காது, ஆடாது, வெளிச்சம் கூட வராது. தானே எடுத்துக்கொள்ளும். கூப்பிட்டவன் காதில் அந்த இடத்தின் சத்தம் கொஞ்ச நேரம் விழும். மேளம் கேட்டால் கல்யாணம், ஒப்பாரி கேட்டால் சாவு, மணி கேட்டால் கோயில். அவனே புரிந்துகொண்டு வைத்துவிடுவான். உயிர் போகிற அவசரம் என்றால் விடாமல் மூன்று முறை கூப்பிட்டால் போன் லேசாக அதிரும்.

எவ்வளவு நேரம் கேட்க விடுவது என்பதில்தான் சண்டை. மூன்று வினாடி வைத்துப் பார்த்தார். கூப்பிட்டவர்கள் "அலோ அலோ" என்று கத்துவதிலேயே அது போய்விட்டது. பத்து வினாடி வைத்தார். அவர் கடையில் இருந்து கூப்பிட, நான் சமையல்கட்டில் என் மாமியாரைப் பற்றிச் சொன்னது முழுசாக அவர் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு நான்தான் சொன்னேன்.

"அஞ்சு போதுங்க. அதுக்கு மேல போனா அது மரியாதை இல்ல, ஒட்டுக் கேக்கறது."

"கரெக்ட்" என்று சொல்லி ஐந்தோடு வெட்டுகிற மாதிரி வைத்தார். அந்த ஐந்து நான் வைத்தது. அதனால்தான் இவ்வளவு வயிறு எரிகிறது எனக்கு.

தெருவில் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டார்கள். சங்கத்துப் பொருளாளர் தங்கவேலு, சங்கத்தில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒயின் ஷாப்பில் உட்கார்ந்திருக்க, அவர் வீட்டம்மா கூப்பிட்டு ஐந்து வினாடியில் கிளாஸ் சத்தம் கேட்டு நேராகப் போய் நின்றாள். ஒரு வாரம் தெருவே சிரித்தது. அப்பாவுக்கு ஜெயக்குமாரே ஒரு நல்ல போன் வாங்கி, அதில் வேலை செய்து, பொங்கலுக்குக் கொடுத்தார். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. சங்கக் கூட்டம் நடந்தால் போன் வைத்திருக்கிற எல்லாரும் முன்கூடத்தில் சாமி படத்துக்குக் கீழே தாம்பாளத்தில் வைத்துவிட்டு, ஸ்விட்சைத் தள்ளிவிட்டு, பின்கட்டுக்குப் போக வேண்டும் என்று புதுப் பழக்கமே கொண்டுவந்தார். "எம் மாப்ள செஞ்சது, சபை தெரிஞ்ச போனு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

அடுத்த வருஷம் வைகாசி நடுவில் ஸ்ட்ரைக் வந்தது. நாலு வருஷமாகக் கூலி ஏறவில்லை. எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிறவர் இராஜமாணிக்கம் முதலாளி. ஆவணி முகூர்த்தத்துக்கு அவருக்குச் சேலை வேண்டும். நாங்கள் தறியை நிறுத்தினால் அவர் இறங்கி வந்துதான் ஆக வேண்டும். ஐந்து வாரம் ஆயிற்று. இறங்கி வருகிற மாதிரியும் தெரிந்தது. அவருடைய கணக்குப்பிள்ளை வந்து, அமாவாசை கழிந்ததும் முதலாளி உங்களைப் பேசக் கூப்பிடுவார் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அமாவாசை என்றால் எங்களுக்கு எப்போதுமே தறி ஓடாத நாள். சங்கம் கூடுவது அன்றைக்குத்தான், ஊருக்கே தெரியும். ஆனி அமாவாசை அன்று ஏழு பேர் அப்பா வீட்டில் கூடினார்கள். போன்கள் தாம்பாளத்தில். கதவைச் சாத்திக்கொண்டு பின்கட்டில் உட்கார்ந்தார்கள். நான் டீ கொண்டுபோனேன், அதனால் எல்லாம் கேட்டேன். நிலைமை மோசம். தங்கவேலு தன் பெண்ணின் வளைகாப்பைத் தள்ளிப் போட்டிருப்பதைச் சொன்னார். கடைசியில் அப்பா சொன்னார்.

"இது இந்த ரூமைத் தாண்டக்கூடாது. ஆடி ஒண்ணு வரைக்கும் தாங்குவோம். அதுக்குள்ள அவரு கூப்பிட்டா கேட்டத வாங்கலாம். கூப்பிடலன்னா வேற வழியில்ல, ஆடி ஒண்ணாந்தேதி எல்லாரும் தறியில உக்காந்துடணும். இன்னும் பத்து நாளு. பல்லக் கடிச்சிகினு இருங்க."

ரகசியம் என்று சொல்லித்தான் பேசினார்கள். எங்கள் ஜனம் ரகசியம் பேசுகிற குரலில்.

அமாவாசை கழிந்தது. முதலாளி கூப்பிடவில்லை. கணக்குப்பிள்ளை எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. மூன்று நாள், ஆறு நாள், பத்து நாள். ஆடி ஒன்றாம் தேதி ஆண்களெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் கடைக்குப் போனார்கள். இராஜமாணிக்கம் வெற்றிலையை மென்றபடி சொன்னாராம்: "ஆடி ஒண்ணுன்னீங்க, சொன்ன நாளுக்கு வந்துட்டீங்க. நாணயமான ஜனம்." அப்புறம் தங்கவேலுவைப் பார்த்து, "வளைகாப்ப தள்ளி வச்சிட்டியாமே, இப்ப நடத்து" என்றாராம்.

அந்த அறைக்குள் பேசியது அப்படியே அவர் வாயில் வந்தது. ஏழு பேரில் ஒருவன் போய்ச் சொல்லியிருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அது யார் என்று முடிவு கட்டவும் அதிக நேரம் ஆகவில்லை. முருகேசன் அண்ணன். அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் அவர் முதலாளி வீட்டிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அப்போதே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறான் என்றார்கள்.

எதற்குப் போனாய் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை ஒருவரும் நம்பவில்லை. தறி நின்றதால் வீட்டில் எலி வந்து தறியில் ஏற்றிய பாவு நூலைக் கடிக்கிறது, அது முதலாளியின் பட்டு, வந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லப் போனேன் என்றார். ஸ்ட்ரைக் நடக்கும்போது முதலாளியின் பட்டுக்கு எவனாவது கவலைப்படுவானா என்று கேட்டார்கள். முருகேசன் அண்ணன் படுவார். அதுதான் அவர். ஆனால் அன்றைக்கு அது எனக்கும் உறைக்கவில்லை.

யாரும் அவரை அடிக்கவில்லை, வையவில்லை. அவர் வந்தால் உட்காரப் பாய் போடுவதை நிறுத்தினார்கள். அவர் வந்து உட்கார்ந்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற வீடு வீடாகக் கேழ்வரகு மாவு வாங்குவோம், அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். அவர் பெண்டாட்டி தேவகி மாவு நிறைத்த கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா வந்தேனா என்றால் இல்லை. அன்றைக்கே குழாயடியில் அவளிடம், "எல்லார் வூட்டு அடுப்பும் அவிஞ்சி போனப்ப உங்க வூட்டு அடுப்பு மட்டும் எப்டி எரிஞ்சுதுன்னு இப்பதான் தெரியுது" என்றேன். அவள் பாதிக் குடத்தோடு போய்விட்டாள். என் வாய் அப்படி.

ஒரு புதன்கிழமை சாயந்திரம் ஜெயக்குமார் மைசூர்பாக்குப் பெட்டியோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மெட்ராஸ்ல ஒரு கம்பெனி நம்ம போன பாக்கறேன்னு சொல்லிட்டாங்க பரிமளா. நம்ம டிசைன்ல ஆயிரம் போன் பண்ணப் போறாங்களாம். முதலாளியோட மச்சானுக்கு அங்க ஆளு தெரியும்."

"எந்த முதலாளி?"

"இராஜமாணிக்கம் சார்தான். சும்மா சொல்லக்கூடாது, தன் காதாலயே கேட்டுட்டு, ஒரு எழுத்து விடாம தெளிவா கேக்குதேன்னு அசந்துட்டாரு. அப்பதான் சிபாரிசு பண்றேன்னாரு."

கையில் எடுத்த மைசூர்பாக்கை வைத்துவிட்டேன்.

"எதக் கேட்டாரு?"

அவர் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் விடவில்லை. எப்போது, எந்தப் போனில், எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அமாவாசை அன்று. முதலாளி வீட்டில் உட்கார்ந்து. அப்பாவின் போனில்.

"அஞ்சு வினாடில வெட்டிடுமே."

"வெட்டினா அவருக்கு இன்னா தெரியும்? மைக் எவ்ளோ தூரம் இழுக்குதுன்னு காட்டணும்ல. அதுக்காக மொத நாளு மாமா போன வாங்கி, அந்த வெட்டறத மட்டும் எடுத்துட்டேன். பேட்டரி பாக்கறேன்னு சொல்லி."

"எங்கம்மா செத்ததுக்கு செஞ்ச போனுங்க அது."

"நான் எதையும் விக்கல பரிமளா. காட்டினேன். அவ்ளோதான். நான் பத்து நிமிஷத்துல கடைக்கு ஆளு வந்துட்டாங்கன்னு எழுந்து வந்துட்டேன். அவரு கேட்டுகினே இருப்பாருன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"பத்து நிமிஷம் உங்க காதுலயும் வுழுந்துதா?"

"நான் சத்தம் கிளியரா வருதான்னுதான் பாத்துகினு இருந்தேன்."

இதில் பாதியை நான் நம்பினேன். இந்த மனுஷனுக்குத் தன் சாமான் வேலை செய்கிறதா என்பதுதான் முக்கியம், எதிரில் வீடே எரிந்தாலும் கருவியைத்தான் பார்ப்பார். ஆனால் இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது.

"ஆடி ஒண்ணாந்தேதி, அவரு சொன்னது தெருவெல்லாம் தெரிஞ்சிபோச்சே. அப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்குமே?"

"புரிஞ்சுது."

"முருகேசன் அண்ணன் மேல பழி போட்டப்ப இங்கதானே இருந்தீங்க?"

"எப்டி சொல்றது பரிமளா? மாமா மூஞ்சில எப்டி முழிப்பேன்? கொஞ்ச நாள்ல தானா அடங்கிடும்னு நெனச்சேன்."

கலசப்பாக்கத்துக்காரருக்கு ஸ்ட்ரைக் தெரியாது, பாவு தெரியாது, சரி. ஒரு மனுஷன் பாய் இல்லாமல் தரையில் உட்கார்வது தெரியாதா? பெட்டியைத் தூக்கி வாசலில் வீசினேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரை எத்தனையோ வைதிருக்கிறேன். அன்றைக்கு வைய வாயில் ஒன்றும் வரவில்லை, அழுகைதான் வந்தது.

மறுநாள் காலையில் அப்பாவிடம் போனேன். பாவில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் கை நிற்கவில்லை. முழுவதையும் சொல்லி முடித்தேன். இன்னும் இரண்டு இழை முடிந்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"தெரியும்" என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"ஆடி ஒண்ணாந்தேதி மொதலாளி அப்டி பேசினதும் வூட்டுக்கு வந்து போன எடுத்துப் பாத்தேன். வந்த நம்பர்ல அவரு நம்பர் இருந்துது. நாப்பத்திரெண்டு நிமிஷம்."

"அப்ப முருகேசன் அண்ணன் இல்லன்னு உனக்கு அன்னிக்கே தெரியும்."

"நான் அவன ஒண்ணும் சொல்லலியே. அவங்களா நெனச்சிகினாங்க. நான் சும்மா இருந்தேன்."

"யப்பா, நீ சும்மா இருந்ததாலதான் எல்லாரும் நம்பினாங்க."

"மெதுவா பேசு. என் போன்லருந்து போச்சுன்னா சங்கம் அப்புறம் நிக்குமா? எம் மாப்ள செஞ்சதுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிகீறேன். உன் குடும்பம் இன்னா ஆவும், யோசிச்சியா? முருகேசனுக்கு இப்ப கஷ்டம்தான். நாலு மாசத்துல ஜனம் மறந்துடும். நானே அவனுக்கு எதனா பண்றேன். நீ வாயத் தொறக்காத."

பதினோரு வருஷம் அந்த மனுஷன் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இந்தத் தெரு நடந்தது. அதில் முதல் ஆள் நான். புருஷன் செய்தது வேறு. அவரை வெளியிலிருந்து வந்தவர் என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு வழியாவது இருந்தது. அப்பாவுக்கு நான் எங்கே போய்ச் சமாதானம் தேடுவேன்? வீட்டுக்கு வந்து படுத்தேன். சாயந்திரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் ஆடி இரண்டாம் வெள்ளி, கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பகல் பதினோரு மணி வெயில். தெரு முழுக்கக் கோயில் முன்னால் இருந்தது. முருகேசன் அண்ணனும் தேவகியும் வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார்கள். சாமி கும்பிட வருகிறவரைத் தடுக்க முடியாது, அதனால் விட்டுவைத்திருந்தார்கள். வழக்கம்போல முதல் செம்பை அப்பா கையில் கொடுத்தார்கள். அவர் எதிரில் போய் நின்றேன்.

"யப்பா, முருகேசன் அண்ணன் இல்லன்னு நீயே சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

அப்பா செம்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் சொன்னேன். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, யார் போன், யார் பிரித்தது, யார் கேட்டது, நாற்பத்திரண்டு நிமிஷம் என்பது வரை ஒன்று விடாமல் சொன்னேன். ஜெயக்குமார் கூட்டத்தின் ஓரத்தில் தலை குனிந்துகொண்டார். தங்கவேலு அப்பாவைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, பொண்ணு சொல்றது?"

"எம்பொண்ணுக்கும் மாப்ளைக்கும் ரெண்டு நாளா மனஸ்தாபம். கோவத்துல பேசுது. அதோட கொணம்தான் உங்களுக்குத் தெரியுமே" என்றார் அப்பா.

"போனக் காட்டு. அந்த நம்பர் இருக்கும்" என்றேன்.

அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தங்கவேலுவிடம் நீட்டினார். கொஞ்சமும் தயங்கவில்லை. தங்கவேலு ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. அழித்துவிட்டிருக்கிறார். நேற்றா, இன்று காலையிலா, இல்லை முதல் நாளேயா தெரியாது. நான் வருவேன் என்று எதிர்பார்த்து என் அப்பா எனக்கு முன்னால் வேலையை முடித்துவைத்திருந்தார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கிழித்திருப்பேன். எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து, "வெயில்ல நின்னுகினு கீறியேம்மா, கூழ் குடி" என்று செம்பைக் கொடுத்தாள். ஜெயக்குமார் பக்கத்தில் வந்து, "வூட்டுக்குப் போலாம் வா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மெதுவாகச் சொன்னார். பம்பை மேளம் மறுபடி ஆரம்பித்தது. நான் பேசியதே நடக்காத மாதிரி வரிசை நகர்ந்தது.

வேப்பமரத்தடியில் ஆள் இல்லை. செம்பை ஜெயக்குமார் கையில் திணித்துவிட்டு ஓடினேன். தெரு முனை திரும்புகிற இடத்தில் இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, நான் சொன்னது சத்தியம். உங்களுக்காவது நம்பிக்கை வேணும்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

முருகேசன் அண்ணன் நின்றார். என்னை உற்றுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், பட்டால் வாங்கிக்கொள்ளத்தான் வந்தேன்.

"நெசமாவே போன்லதான் போச்சா பாப்பா?"

"ஆமாண்ணா."

"அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சி போறப்ப ஒயின் ஷாப்புல கொஞ்சம் போட்டேன். மனசு செரியில்ல. அங்க யாரார் இருந்தாங்க, நான் இன்னா பேசினேன், ஒண்ணும் நெனப்பில்ல. எல்லாரும் சொல்லச் சொல்ல, நாமதான் போதையில எவன் கிட்டயோ உளறிட்டோம் போலன்னு ஆயிடுச்சி. பன்னெண்டு நாளா அதையேதான் நோண்டிகினு கீறேன். நான் இல்லடின்னு இவ தலைல கை வச்சி ஒரு சத்தியம் பண்ண முடியல என்னால."

சொல்லிக்கொண்டே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். தேவகி அவர் பக்கத்தில் நின்றாள். குழாயடியில் நான் சொன்னதற்கு அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். நானும் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தேன்.

"நான் இல்லதானே பாப்பா?" என்றார்.

"நீங்க இல்லண்ணா."

தேவகியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் சொன்னேன்.